நம்பிக்கையும் நியாய உணர்வும் உருவாகும் விதம்: கோலார் தங்கவயல் தரும் சான்றுகள்

கிராமங்களிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் பணிபுரியும் அனைவருக்கும் ஓர் அனுபவம் பொதுவானது. கிணற்று நீரில் மருந்து கலப்பதன் பயனைப் பொறுமையாக எடுத்துரைக்கிறோம். கூடியிருப்போர் தலையசைக்கின்றனர், எவரும் மறுத்துப் பேசுவதில்லை. மறுவாரம் சென்று பார்த்தால் மருந்துப் பொட்டலம் பிரிக்கப்படாமல் மாடத்திலேயே இருக்கிறது. பள்ளியிலும் இவ்வாறே நிகழ்கிறது. கிரகணம் தோன்றும் விதத்தைத் தேர்வில் பிழையின்றி எழுதிய மாணவன், கிரகண நாளன்று வீட்டாரோடு சேர்ந்து அச்சத்துடன் உண்ணாமல் இருக்கிறான்.

இதற்குக் காரணம் மக்களின் அறியாமையே என்று கூறி நாம் அமைதியடைந்து விடுகிறோம். அறியாமையும் ஒரு காரணந்தான். ஆனால் அது போதிய காரணமன்று. அறியாமை மட்டுமே காரணமாயின், செய்தியைச் சொன்னவுடன் நம்பிக்கை மாறிவிட வேண்டும். அவ்வாறு மாறுவதில்லை. ஒன்றை அறிவது வேறு, அதை நம்புவது வேறு, நம்பியபடி நடப்பது வேறு. இவற்றினிடையே உள்ள இடைவெளி எவ்வாறு ஏற்படுகிறது, எவ்வாறு அடைபடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குச் சான்றாகக் கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். பூமியை மிக ஆழமாகத் தோண்டியதனால் புகழ்பெற்ற அவ்வூர், மனித மனத்தைப் பற்றியும் பல உண்மைகளை வெளிப்படுத்தக் கூடியது.

1. ஊரும் மக்களும்

கோலார்ப் பகுதியில் பழங்காலத்திலேயே தங்கம் எடுக்கப்பட்டது எனினும், நவீன முறைச் சுரங்கத் தொழில் 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனி இங்கு வந்த பின்னரே நிலைபெற்றது. மைசூர்ச் சுரங்கம், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் முதலிய சுரங்கங்கள் அடுத்தடுத்து வளர்ந்தன. 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு கடந்து இங்கு வந்து சேர்ந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் இறுதியில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் உடைமையாயின. 1962-இல் மத்திய அரசின் பொறுப்புக்கு மாறின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்னும் அரசு நிறுவனம் உருவாயிற்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் வேலை நிறுத்தப்பட்டுச் சுரங்கங்கள் மூடப்பட்டன.

சுரங்கத்தினுள் உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழர்கள். அவர்களுள் ஆதிதிராவிட மக்களே மிகுதி. ஊரில் நிலமின்றி, ஊர்க்கிணற்றில் நீரெடுக்கும் உரிமையுமின்றி வாழ்ந்த குடும்பங்கள், ரொக்கக் கூலி தரும் ஓரிடத்தில் ஆயிரக்கணக்கில் ஒருங்கே வந்து சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வேலை செய்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ 30,000 ஆகும். பழைய ஊரின் கட்டுகள் தளர்ந்து, புதிய கட்டுகள் உருவாகும் இத்தகைய இடத்தில், மக்களின் நம்பிக்கைகள் எவ்வாறு தோன்றி மாறுகின்றன என்பதைத் தெளிவாகக் காண முடிகிறது.

2. அனுபவம் கற்பிப்பதும் கற்பிக்காததும்

நம்பிக்கையின் முதல் ஊற்று அனுபவம். சுரங்கம் ஆழமாகும்போது பாறையின் மீதுள்ள அழுத்தம் பெருகுகிறது. தோண்டிய வெற்றிடத்தை நோக்கிப் பாறை திடீரெனச் சிதறித் தெறிப்பதும் உண்டு. இதனைப் பாறை வெடிப்பு என்பர். தங்கவயலில் பல உயிர்கள் இதனால் மாண்டன. பெரிய வெடிப்புகள் நிகழும்போது மேலே உள்ள வீடுகளும் குலுங்கும். பணிக்குச் சென்றவர் திரும்புவாரோ என்று தெருவெல்லாம் சுரங்க வாயிலை நோக்கி ஓடும். இந்த ஆபத்தை நம்பும்படி யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அதே சுரங்கத்தில் இன்னோர் ஆபத்தும் இருந்தது. பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலில் படிந்து, பல ஆண்டுகள் சென்றபின் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயை உண்டாக்குகிறது. இந்தியாவில் இந்நோயை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்த இடங்களுள் தங்கவயலும் ஒன்று. 1940-களில் இங்கு நடந்த மருத்துவ ஆய்வு, இந்நோய் தொழிலாளரிடையே பெருமளவில் பரவியிருந்ததைக் காட்டியது. தூசு ஓசை எழுப்புவதில்லை; வீட்டைக் குலுக்குவதுமில்லை. இன்று சுவாசித்த தூசுக்கும் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வரும் மூச்சிரைப்புக்கும் உள்ள தொடர்பைத் தனிமனிதனின் அனுபவம் காட்டித் தருவதில்லை. எக்ஸ்-ரே படமும் நூற்றுக்கணக்கானோரை ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்குமே அதைக் காட்ட வல்லவை.

எளிதில் நினைவுக்கு வரும் ஆபத்தைப் பெரிதாகவும், நினைவில் உருவெடுக்காத ஆபத்தைச் சிறிதாகவும் மதிப்பிடுவது மனித மனத்தின் பொது இயல்பு. டிவர்ஸ்கி, கானெமன் என்னும் மனோதத்துவ அறிஞர்கள் 1970-களில் இதனைப் பரிசோதனைகளால் நிறுவினர். கற்றவரும் கல்லாதவரும் இவ்வியல்புக்கு உட்பட்டவர்களே. ஆகவே, மெல்ல வரும் தீமைகளைப் பற்றிப் பேசும்போது கேட்போர் அக்கறையின்றி இருப்பதைக் கண்டு நாம் சினங்கொள்வது பொருந்தாது. அவர்களுடைய அனுபவம் அவர்களுக்கு அதைக் கற்பிக்கவில்லை என்பதே உண்மை.

அனுபவம் மட்டுமன்று, அச்சமும் நம்பிக்கையைப் பிறப்பிக்கிறது. 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன்பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்னும் இந்திய அறிஞர் ஆராய்ந்து, மறு ஆண்டு வெளியிட்டார். அதிர்ச்சியை உணர்ந்தும் பெருஞ்சேதத்தைக் காணாத பகுதிகளில், இதைவிடக் கொடிய அழிவு வரவிருக்கிறது என்னும் வதந்திகள் பரவின. ஏற்கெனவே அச்சுற்றோர், அச்சத்தை மேலும் வளர்க்கும் செய்திகளை ஏன் நம்பினர்? அமெரிக்க அறிஞர் லியோன் பெஸ்டிங்கர் இக்கேள்வியை எடுத்துக்கொண்டு விளக்கம் தந்தார். உள்ளத்தில் அச்சம் இருக்கிறது. கண்ணெதிரே அதற்குரிய காரணம் இல்லை. அந்த அச்சத்துக்கு நியாயம் கற்பிக்கும் செய்தி வந்தவுடன் மனம் அதனைப் பற்றிக்கொள்கிறது. உள்ளத்தின் முரண்பாடுகளைப் பற்றி அவர் 1957-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கொள்கைக்கு இந்திய வதந்திகளே தூண்டுகோலாயின.

வதந்தியை மறுக்கச் செல்பவர் அறிய வேண்டியது இதுவே: செய்தி பொய் என்று மட்டும் கூறினால் அச்சம் அப்படியே தங்கிவிடும், அது வேறொரு வதந்தியைத் தேடும். தங்கவயலில் 1978-ஆம் ஆண்டு முதல் நில அதிர்வுமானிகள் நிறுவப்பட்டு, பூமிக்குள் எங்கே, எந்த அளவில் பாறை அசைகிறது என்பது கணிக்கப்பட்டது. பாறை இயக்கவியலுக்கான தேசிய நிலையமும் 1988-இல் இங்கேயே தொடங்கப்பட்டது. அதிர்ச்சியின் இடத்தையும் அளவையும் ஒருவர் உடனே சொல்ல முடியும்போது, அச்சம் பற்றிக்கொள்வதற்கு மெய்யான ஒரு பொருள் கிடைக்கிறது. கற்பனைக்கு இடம் குறைகிறது.

அதே நிலநடுக்கம் மற்றொரு பாடத்தையும் விட்டுச் சென்றது. அவ்வாண்டு ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசிய காந்தியடிகள், பீகாரின் அழிவு தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை என்று கூறினார். தீண்டாமையை ஒழிப்பதில் அவருடன் முற்றிலும் உடன்பட்ட கவி இரவீந்திரநாத் தாகூர் இதை ஏற்கவில்லை. இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கைக் காரணமே உண்டு என்றும், இத்தகைய விளக்கம் மக்களின் பகுத்தறிவைத் தளர்த்தும் என்றும் அவர் கண்டித்தார். அக்கண்டனத்தைக் காந்தியடிகள் தம் ஹரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டு விடையளித்தார். தீண்டாமை கொடியது என்ற நியாயத் தீர்ப்பு, நிலநடுக்கத்தின் துணையின்றியே நிற்கக் கூடியது. நல்ல நோக்கத்துக்குப் பொய்யான காரணம் காட்டினால், பிற்காலத்தில் காரணம் பொய்யென வெளிப்படும்போது நோக்கமும் மதிப்பிழக்க நேரிடும்.

3. ஒரே செயல், இரு தீர்ப்புகள்

இனி நியாய உணர்வைக் கவனிப்போம். ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் கிடைப்பது சில கிராம் தங்கமே. எனவே, தங்கத் தாதுத் துண்டு ஒன்று களவு போவதும் கம்பெனிக்கு நட்டமாகும். 1897-ஆம் ஆண்டின் மைசூர்ச் சுரங்கச் சட்டம் இக்களவைத் தடுப்பதற்காகக் கடுமையான விதிகளை வகுத்தது. சுரங்கப் பொருளைக் கணக்குக் காட்ட இயலாமல் வைத்திருப்பதே தண்டனைக்குரியதாயிற்று. வேலை முடிந்து வெளியேறுவோர் சோதனையிடப்பட்டனர்.

சட்டத்தின் பார்வையில் இது திருட்டு, ஐயத்துக்கு இடமில்லை. சுரங்கத்தினுள் நின்று பார்ப்பவருக்கோ, பாறையை உடைத்தவன் கை வெறுங்கையாக, அதன் பயன் கடல் கடந்து செல்வதே முதலில் தென்படும். அண்டை வீட்டுப் பாத்திரத்தைத் தொடவும் கூசும் ஒருவன், கம்பெனியின் தாதுத் துண்டை அவ்வாறு எண்ணாதிருக்கக் கூடும். அவன் நியாய உணர்வே அற்றவன் என்று இதற்குப் பொருளன்று. எது எவருக்கு உரியது என்ற கேள்விக்கு அவன் நிற்கும் இடம் வேறொரு விடையைத் தருகிறது. எல்லாத் தொழிலாளரும் அவ்வாறு எண்ணினர் என்று கூறுவது தவறு. அவ்வாறு எண்ணியது சரியென்று கூறுவதும் நம் நோக்கமன்று. ஒரே செயலின் மீது இரு வேறு தீர்ப்புகள் பிறப்பதற்கு வாழ்நிலையும் ஒரு காரணம் என்பதே இங்குக் கருதத் தக்கது.

விரல் ரேகையைப் பற்றிய நிகழ்ச்சி இதைவிடத் தெளிவானது. 1930-ஆம் ஆண்டில், தொழிலாளர்களை விரல் ரேகையுடன் பதிவு செய்யும் முறையைக் கம்பெனி கொண்டுவர முற்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். வேலைநிறுத்தம் மூன்று வாரம் நீடித்தது. நிர்வாகத்தின் கண்ணுக்கு விரல் ரேகை ஒரு சிறந்த விஞ்ஞான முறை. ஆளை ஐயமின்றி அடையாளங் காட்டும். ஆனால், அக்காலத்தில் விரல் ரேகை யாரிடம் எடுக்கப்பட்டது? குற்றவாளிகளிடம் எடுக்கப்பட்டது. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டமோ, பிறப்பினாலேயே குற்றவாளிகள் என முத்திரையிடப்பட்ட சமூகங்களின் விரல் ரேகையைப் பதிவு செய்ய வழி செய்திருந்தது. மை தடவிய விரலைத் தாளில் அழுத்தும்படி கேட்டபோது, தொழிலாளி அதில் கண்டது அடையாளத்தையன்று. தன் மானத்தின் மீது விழும் கறையை. முறையின் துல்லியத்தைப் பற்றி அவனுக்கு எவ்வளவு விளக்கினாலும் அது அவன் கேட்காத கேள்விக்குரிய விடையாகவே இருந்திருக்கும்.

இன்றும் களப்பணியில் இத்தகைய தவறு நேர்கிறது. தடுப்பூசியைப் பற்றிய ஐயம் என்று நாம் கருதுவது, சில வேளைகளில் ஊசியைப் பற்றியதாகவே இராது. வீட்டு வாசலில் நின்று அதட்டிப் பெயர் கேட்டவரைப் பற்றியதாக இருக்கும்.

குழந்தைகளின் நியாய உணர்வை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே, 1932-இல் வெளியிட்ட நூலில் இதனோடு தொடர்புடைய ஓர் உண்மையைச் சுட்டினார். தெரியாமல் பல கோப்பைகளை உடைத்த சிறுவன், தின்பண்டத்தைத் திருட முயன்று ஒரு கோப்பையை உடைத்த சிறுவன் ஆகிய இருவரில் யார் குற்றம் பெரிது என்று கேட்டால், மிகச் சிறிய குழந்தைகள் முதல்வனையே சுட்டுகின்றனர். உடைந்த கோப்பைகளை எண்ணுகின்றனர். வளர்ந்த குழந்தைகள் நோக்கத்தைக் கேட்கின்றனர். இம்மாற்றத்துக்குப் பெரியோரின் கட்டளையைவிட, ஒத்த வயதினரோடு விளையாடி, வழக்காடி, விதிகளைத் தாமே வகுத்துக்கொள்ளும் பழக்கமே பெரிதும் துணைசெய்கிறது என்பது அவர் முடிவு. சமமானவரோடு பழகும் வாய்ப்பே நியாய உணர்வை வளர்க்கும் பள்ளி. இதை ஆசிரியர்கள் தம் வகுப்பறையிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

4. சங்கத்தின் வலிமை

மனிதன் தனியே நம்புவதில்லை. கூட்டத்தோடு சேர்ந்தே நம்புகிறான். அமெரிக்காவில் சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்ட பரிசோதனை இதற்குச் சிறந்த சான்று. ஒரு கோட்டின் நீளத்துக்குச் சமமான கோடு மூன்றில் எது என்று ஒரு குழுவினரைக் கேட்டனர். குழுவில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டவர்கள். அவர்கள் ஒருமுகமாகத் தவறான விடையைக் கூறினர். கண்ணுக்கு நன்கு தெரியும் உண்மையை விடுத்து, அந்த ஒருவரும் ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை கூட்டத்தின் விடையையே கூறினார். குழுவில் ஒரே ஒருவர் மட்டும் சரியான விடையைத் துணிந்து கூறியபோது நிலைமை மாறிற்று. கூட்டத்துக்குப் பணிவது மிகவும் குறைந்துவிட்டது. உண்மையைச் சொல்ல மனிதனுக்குப் பெருங்கூட்டம் தேவையில்லை. ஒரு துணை போதும்.

அத்தகைய துணையை ஒரு சமூகமே தனக்கு அமைத்துக்கொண்ட வரலாறு தங்கவயலில் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ஆம் ஆண்டில் இலங்கை சென்று பௌத்த நெறியைத் தழுவி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் "ஒரு பைசாத் தமிழன்" என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே அதன் பெயர் "தமிழன்" என்றாயிற்று. சங்கத்தின் கிளைகள் பல ஊர்களில் தோன்றின. அவற்றுள் மாரிக்குப்பம், சாம்பியன் ரீப் ஆகிய தங்கவயல் கிளைகள் மிகவும் ஊக்கமுடன் செயலாற்றின. 1914-இல் பண்டிதர் மறைந்த பின்பு, அவருடைய நூல்களைத் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது. நின்றுபோன "தமிழன்" இதழை 1926-இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளியிட்டார்.

இவ்வியக்கம் மக்களின் மனத்தில் மாற்றிய நம்பிக்கை யாது? பிறப்பினால் தாம் தாழ்ந்தோர் என்பது அவர்கள் மீது பல தலைமுறைகளாகச் சுமத்தப்பட்ட நம்பிக்கை. பண்டிதர் இதனைத் தலைகீழாக்கினார். "நீங்கள் தாழ்ந்தவர்களாகப் பிறக்கவில்லை, பண்டைப் பௌத்தர்களாகிய நீங்கள், உங்கள் நெறியைக் கைவிடாததனால் தாழ்த்தப்பட்டீர்கள்" என்பதே அவர் கருத்தின் சாரம். ஒருவன் தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் நம்பிக்கை மாறும்போது, தனக்கு நேரும் செயல்களின் மீது அவன் வழங்கும் தீர்ப்பும் மாறுகிறது. முன்பு விதி என்று ஏற்கப்பட்டது, பின்பு அநீதி என்று உணரப்படுகிறது.

இம்மாற்றம் நிகழ்ந்த முறையைக் களப்பணியாளர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலாவதாக, பழகிய பொருளிலிருந்தே புதிய கருத்து தொடங்கிற்று. பண்டிகைகளைக் கைவிடுமாறு கூறுவதற்குப் பதிலாக, அவற்றுக்குப் புதுப் பொருள் கூறினார் பண்டிதர். தீபாவளியை எள் நெய்யின் பயனைப் பௌத்தத் துறவிகள் கண்டறிந்ததோடு அவர் தொடர்புபடுத்தியது ஓர் எடுத்துக்காட்டு. இரண்டாவதாக, கருத்து செயலோடு பிணைந்திருந்தது. கூட்டங்கள், சொற்பொழிவுகள், சங்க முறைப்படி நடந்த திருமணங்கள், ஈமச் சடங்குகள் ஆகியவை நம்பிக்கையை வாழ்க்கைப் பழக்கமாக்கின. திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று மெய்யெனத் தோன்றும் என்பது 1977-இல் செய்யப்பட்ட ஒரு புகழ்பெற்ற பரிசோதனையின் முடிவு. திரும்பத் திரும்பச் செய்த செயலின் வலிமையைச் சொல்லவும் வேண்டுமோ! மூன்றாவதாக, எடுத்துரைத்தோர் அந்நியர் அல்லர். அதே லயன்களில் வாழ்ந்து, அதே மொழியைப் பேசி, அதே சங்கு ஒலிக்கு எழுந்தவர்கள் அவர்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் இதழை உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் நிலவிய காலம் அது.

சொல்பவர் யார் என்பது எவ்வளவு முக்கியமானது என்பதை ஹோவ்லண்ட், வைஸ் என்னும் யேல் பல்கலைக்கழக அறிஞர்கள் 1951-இல் ஆராய்ந்தனர். ஒரே கட்டுரையைச் சிலருக்கு நம்பத்தக்கவர் எழுதியதாகவும், வேறு சிலருக்கு நம்பத்தகாதவர் எழுதியதாகவும் கூறிக் கொடுத்தனர். முதல் பிரிவினரே அதிகம் உடன்பட்டனர். ஆனால், நான்கு வாரங்களுக்குப் பின் மீண்டும் கேட்டபோது அவ்வேறுபாடு மறைந்திருந்தது. யார் சொன்னார் என்பது செய்தியிலிருந்து பிரிந்துவிட்டது. செய்தி மட்டும் தங்கிவிட்டது. இது இருபுறமும் கூருள்ள கத்தி. உண்மை மெல்ல வேரூன்றுவதும் இதனாலேயே. பொய்யன் சொன்ன பொய் பிற்பாடு ஊரறிந்த உண்மையாக உலவுவதும் இதனாலேயே.

5. பிறப்பு வேறு, மெய்ம்மை வேறு

இங்கு ஓர் ஐயம் எழலாம். அச்சமும் வாழ்நிலையும் கூட்டமும் சேர்ந்தே நம்பிக்கையை உருவாக்குகின்றன என்றால், எல்லா நம்பிக்கைகளும் ஒரே தரத்தவைதாமா? அல்ல. ஒரு நம்பிக்கை எவ்வாறு பிறந்தது என்பது ஒரு கேள்வி. அது மெய்யா என்பது மற்றொரு கேள்வி. பண்டிதரின் வரலாற்று விளக்கங்கள் அனைத்தையும் இன்றைய வரலாற்று அறிஞர்கள் ஒப்புக்கொள்வதில்லை. எனினும், பிறப்பினால் எவரும் தாழ்ந்தவர் அல்லர் என்ற தீர்ப்பு அவ்விளக்கங்களைச் சார்ந்து நிற்பதன்று. அது தன் வலிமையாலேயே நிற்கிறது.

விஞ்ஞானிகளும் மனிதர்களே, எதிர்பார்ப்பு அவர்களையும் ஆட்கொள்கிறது. அதற்கும் தங்கவயலிலேயே சான்று உண்டு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 1950-களிலிருந்து இச்சுரங்கங்களில் விண்கதிர்களை ஆராய்ந்து வந்தனர். 1965-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் அவர்களுடன் சேர்ந்து, ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் செயலைப் பதிவு செய்தனர். அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் மற்றொரு குழுவினர் தனியே இதே முடிவைக் கண்டனர். ஒருவரையொருவர் சாராத இருவர் ஒரே முடிவுக்கு வந்தமையால் நம்பிக்கை உறுதிப்பட்டது.

பின்னர் ஒரு புதிய வினா எழுந்தது. பொருள்களின் அடிப்படைத் துகளான புரோட்டான் என்றேனும் சிதையுமா? ஜோகேஷ் பதி, அப்துஸ் சலாம் முதலியோர் 1970-களில் வகுத்த கொள்கைகள் சிதையும் என எதிர்பார்த்தன. ஏறத்தாழ 140 டன் எடையுள்ள இரும்புத் தகட்டுக் கருவி ஒன்று தங்கவயலின் ஆழத்தில் அமைக்கப்பட்டு, 1980-இல் இயங்கத் தொடங்கியது. அதில் பதிவான சில நிகழ்ச்சிகள் புரோட்டான் சிதைவாக இருக்கக்கூடும் என ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தனர். உலகமே வியந்து நோக்கியது. ஆனால், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அமைந்த மிகப் பெரிய நீர்த்தொட்டிக் கருவிகள் அத்தகைய சிதைவைக் காணவில்லை. 1965-இல் இங்கே கண்டறியப்பட்ட அதே நியூட்ரினோக்கள் புரோட்டான் சிதைவைப் போன்ற தோற்றத்தை ஏற்படுத்த வல்லவை. புரோட்டான் சிதைவு இன்றுவரை எங்கும் உறுதிப்படவில்லை.

இதனை ஒரு தோல்வி என்று மாணவருக்குக் கற்பிக்க வேண்டாம். கண்டதை வெளிப்படையாக அறிவித்தனர். பிறர் சோதிக்க இடந்தந்தனர். சோதனையின் தீர்ப்பு உலகத்தாரால் ஏற்கப்பட்டது. விஞ்ஞானத்தின் தனிச்சிறப்பு பிழையே நேராதிருப்பதில் இல்லை. பிழையைக் கண்டுபிடிக்கும் வழியைத் திறந்து வைத்திருப்பதிலேயே உள்ளது.

6. களப்பணிக்குச் சில குறிப்புகள்

இன்று தங்கவயலில் சுரங்க வேலை இல்லை. வேலை தேடிப் பலர் நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்குச் சென்று திரும்புகின்றனர். தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட அரைத்த பாறைக் கழிவு, மூன்று கோடி டன்னுக்கும் மேலாக மேடுகளாகக் குவிந்து கிடக்கிறது. மக்கள் அவற்றைச் சயனைடு மேடுகள் என்பர். காற்று வீசும் மாதங்களில் அத்தூசு வீடுகளுள் புகுகிறது. மேற்கூறியவற்றைப் பயன்படுத்திப் பார்க்க இதைவிடத் தக்க எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

(1) முதலில் கேட்டறிக. இத்தூசைப் பற்றி மக்கள் என்ன நம்புகின்றனர், அதை எதனால் அறிந்தனர் என்பதை அவர்கள் வாயிலாகவே தெரிந்துகொள்ள வேண்டும். முன்னாள் சுரங்கத் தொழிலாளி தூசைப் பற்றி அறிந்தது நம் கையேட்டில் இல்லாததாகவும் இருக்கலாம்.

(2) கண்ணுக்குத் தெரியாததைத் தெரியச் செய்க. ஈரத் துணியொன்றைச் சன்னலோரம் ஒரு நாள் விரித்து வைத்து, படிந்த தூசை எல்லோரும் பார்க்கச் செய்யலாம். ஆனால், நுரையீரலின் ஆழத்துக்குச் செல்வது கண்ணுக்குப் புலப்படாத மிக நுண்ணிய தூசு என்பதையும் அப்போதே கூற வேண்டும். இல்லையேல் துணி வெளுப்பாக இருக்கும் நாளில் தீங்கில்லை என்று மக்கள் முடிவு செய்துவிடுவர்.

(3) ஒரு துணையைத் தேடுக. ஊர்க்கூட்டத்தில் முதலில் "ஆம்" என்று சொல்லத் துணியும் ஒருவர், நாம் ஆற்றும் பத்துச் சொற்பொழிவுகளுக்குச் சமம்.

(4) முறையில் அவமதிப்பு கலந்துள்ளதா என்று ஆராய்க. பெயர் பதிவதிலும், வரிசையில் நிறுத்துவதிலும், அழைக்கும் சொல்லிலும் அது ஒளிந்திருக்கலாம். 1930-ஆம் ஆண்டின் மைக்கறையை நினைவிற் கொள்க.

(5) அச்சமூட்டிக் காரியம் சாதிக்க முற்படாதீர். தூசினால் நாளையே நோய் வரும் என்று மிகைப்படுத்திக் கூறினால், நாளை வராதபோது நம் சொல் முழுவதும் மதிப்பிழந்துவிடும்.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. மாணவர் ஒவ்வொருவரும் தாம் உறுதியாக நம்பும் ஐந்து செய்திகளை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் "இதை நான் எவ்வாறு அறிந்தேன்?" என்ற வினாவுக்கு விடை எழுதட்டும். கண்டதா, வீட்டார் சொன்னதா, புத்தகத்தில் படித்ததா, எல்லோரும் சொல்வதா என்று அவர்கள் பிரித்துப் பார்க்கட்டும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதையும் தாம் கண்டதில்லை, ஆசிரியர் சொல்லியே நம்பினோம் என்பதை அறிந்து அவர்கள் வியப்பர். அதைச் சோதித்தறிய வழியுண்டா என்று அடுத்துக் கேட்பர். அக்கேள்வி எழுந்த வகுப்பில் பாடம் நன்கு நடந்தது என்று கொள்ளலாம். ஆசிரியரும் களப்பணியாளரும் தம் ஐந்து செய்திகளை முதலில் எழுதிப் பார்ப்பது நலம்.